நேர்வாசலைத் திறந்துவிடுங்கள்: எல்லை கடந்த தொண்டு குறித்து ஒரு திறந்த மடல்

குடிவரவு, வெளிநாட்டலுவல்கள், சமூக சேவைகள், இளைஞர் விவகாரம் ஆகிய துறைகளுக்குப் பொறுப்பான கௌரவ அமைச்சர்களுக்கும், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் கௌரவ பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும்,

மதிப்புக்குரியவர்களே,

கல்லடியில் வசிக்கும் ஓய்வுபெற்ற விசேட கல்வி ஆசிரியை ஒருத்தி எழுதும் மடல் இது. பேச்சு வராத, நடக்க முடியாத, கற்பதில் பின்தங்கிய பிள்ளைகளுக்காக எங்கள் ஊர்ப் பெற்றோர் சிலரும் நானும் சேர்ந்து ஒரு சிறிய பகல்நேர நிலையத்தை நடத்தி வருகிறோம். ஆழிப்பேரலைக்கு அடுத்த ஆண்டு ஓலைக்கொட்டில் ஒன்றில் தொடங்கிய அந்த நிலையத்துக்கு இதுவரை நாற்பதுக்கும் மேற்பட்ட வெளிநாட்டுத் தொண்டர்கள் வந்து போயிருக்கிறார்கள். அவர்களில் சிலர் எங்கள் பிள்ளைகளின் வாழ்க்கையையே மாற்றினார்கள். பலர் வந்த சுவடு தெரியாமல் போனார்கள். ஒரு சிலர் வராமலே இருந்திருக்கலாம் என்று இன்றும் வருந்துகிறேன். இந்த மூவகையினரையும் பிரித்தறிய அரசாங்கத்திடம் ஒரு முறை இருக்க வேண்டும், முதல் வகையினருக்குச் சட்டப்படியான நேர்வாசல் ஒன்று திறந்திருக்க வேண்டும், அதே வாசலால் எங்கள் இளைஞர்களும் வெளியே சென்று தொண்டாற்றித் திரும்ப முடிய வேண்டும் என்பதே எனது கோரிக்கை.

இந்த மடலை எழுதத் தூண்டிய நிகழ்ச்சியை முதலில் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன், கனடாவில் பிறந்து வளர்ந்த பேச்சுச் சிகிச்சையாளர் ஒருவர் எங்களுக்கு எழுதினார். அவருடைய தாயார் களுவாஞ்சிகுடியைச் சேர்ந்தவர். வீட்டில் பேசிப் பழகிய தமிழ் அவருக்கு நன்றாக வரும். வேலைத்தலத்தில் சம்பளமற்ற விடுமுறை பெற்று, முழுச் செலவையும் தாமே ஏற்று, ஆறு மாதங்கள் எங்களுடன் தங்கிப் பிள்ளைகளுக்குச் சிகிச்சை அளிக்கவும், அதைத் தொடர்ந்து செய்ய எங்கள் ஆசிரியைகள் நால்வரைப் பழக்கவும் அவர் முன்வந்தார். இந்த உதவி எவ்வளவு பெரியது என்பதை அறிய எங்கள் நிலைமையைச் சற்றுச் சொல்ல வேண்டும். பேச்சுச் சிகிச்சைக்கான பட்டப்படிப்பு களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் நடைபெறுகிறது. நாட்டில் தமிழில் சிகிச்சை அளிக்கக்கூடியவர்கள் மிகச் சிலரே. எலும்பு முறிவுக்கு எந்த மொழி பேசும் வைத்தியரும் கட்டுப் போடலாம். ஆனால் பேச்சு மொழியோடு பிணைந்தது. ‘ழ’வும் ‘ள’வும் நாவில் எங்கே பிறக்கின்றன என்று தெரியாத ஒருவரால், வெல்லாவெளியிலிருந்து தாயின் இடுப்பில் வரும் நான்கு வயதுப் பிள்ளையைப் பேசவைக்க முடியாது.

அனுமதி பெறும் வேலையை நான் பொறுப்பேற்றேன். கிராம உத்தியோகத்தரின் கடிதம், பிரதேச மட்டத்தில் ஒரு பரிந்துரை, மாவட்ட மட்டத்தில் ஒரு பரிந்துரை, அவருடைய தகைமைச் சான்றிதழ்களின் உறுதிப்படுத்திய பிரதிகள், அவருடைய நாட்டுப் பொலிஸ் நற்சான்றிதழ், எங்கள் சங்கத்தின் யாப்பு, மூன்றாண்டுக் கணக்கறிக்கை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். மூன்று முறை இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனேன். நான் சென்ற அலுவலகங்களில் எவரும் என்னை அவமதிக்கவில்லை. எவரும் தவறான எண்ணத்தோடு தடுக்கவுமில்லை. ஆனால் ஒவ்வொரு மேசையும் இன்னொரு மேசையைக் காட்டியது. எங்கள் சங்கம் பிரதேச மட்டத்தில் பதிவுபெற்ற சிறிய சங்கம் என்பதால், தேசிய மட்டத்தில் பதிவுபெற்ற அரச சார்பற்ற நிறுவனங்களில் பணியாற்ற வருவோருக்கான வதிவிட விசா வழி எங்களுக்குப் பொருந்தாது என்றார்கள். அவர் சம்பளம் பெறாததால் தொழில் விசாவுக்கும் பொருந்தவில்லை. படிக்க வரவில்லை, மதப் பணிக்கு வரவில்லை. அவர் எதற்கு வருகிறாரோ அதற்குரிய கட்டம் எந்த விண்ணப்பத்திலும் இருக்கவில்லை.

மூன்றாவது பயணத்தில் ஓர் அதிகாரி, உண்மையான அனுதாபத்தோடு, “அம்மா, அவவைச் சுற்றுலா விசாவில வரச் சொல்லுங்கோ, ஒருத்தரும் கேக்கமாட்டினம்” என்றார். அந்தச் சொற்கள் இன்றுவரை என் மனத்தில் நிற்கின்றன. சுற்றுலா விசாவில் வருபவர் சம்பளத்துக்கோ சம்பளமின்றியோ எந்த வேலையிலும் ஈடுபடலாகாது என்பது அந்த விசாவின் நிபந்தனை. அந்தப் பெண்ணுக்கு அதைச் சொன்னபோது, சட்டத்தை மீறி ஒரு பிள்ளையின் வாயில் கை வைக்கத் தம்மால் இயலாது, அது தம் தொழில்நெறிக்கும் ஒவ்வாது என்று மறுத்துவிட்டார். உறவினரைப் பார்க்க வந்தவராகப் பதினொரு வாரங்கள் களுவாஞ்சிகுடியில் தங்கியிருந்தார். எங்கள் நிலையத்துக்கு ஒரு நாள் விருந்தினராக வந்து, பிள்ளைகளைப் பார்த்து, கண் கலங்கிப் போனார்.

அதே மாதத்தில் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு சுற்றுலா ஏற்பாட்டாளர் மூலமாகப் பத்துப் பன்னிரண்டு வெளிநாட்டு இளைஞர்கள் எங்கள் மாவட்டத்திலுள்ள ஒரு சிறுவர் இல்லத்துக்கு வந்தார்கள். நான்கு நாட்கள் பிள்ளைகளோடு விளையாடினார்கள், அவர்களைத் தூக்கி வைத்துப் படமெடுத்தார்கள், ஐந்தாம் நாள் அறுகம்பேக்கு அலைச்சறுக்கப் போய்விட்டார்கள். அவர்களிடம் பொலிஸ் சான்றிதழ் கேட்டவரில்லை. அவர்களின் தகைமையைக் கேட்டவரில்லை. எல்லோரும் சுற்றுலா விசாவில் வந்திருந்தார்கள். அவர்களைத் தீயவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அன்பு காட்ட நினைத்துப் பணம் கட்டி வந்த பிள்ளைகள் அவர்கள். ஆனால் இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சட்டத்தை மதித்து, தகைமையோடு, மொழி தெரிந்து, ஆறு மாதம் தங்க வந்தவர் வாசலில் நின்று திரும்பினார். எதையும் விசாரிக்காமல் வந்தவர்கள் பின்வழியால் நேராகப் பிள்ளைகளின் படுக்கையறை வரை போனார்கள். தெளிவான விதி இல்லாத இடத்தில் நேர்மையானவர்களே முதலில் வடிகட்டப்படுகிறார்கள்.

சிறுவர் இல்லங்கள் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் இது எனக்கு உறக்கத்தைக் கெடுக்கும் விடயம். போரும் ஆழிப்பேரலையும் எங்கள் கரையோரத்தில் பல சிறுவர் இல்லங்களை உருவாக்கின. அவற்றிலுள்ள பிள்ளைகளில் பெரும்பாலானோருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருக்கிறார். வறுமையும் தாயார் வேலைக்கு வெளிநாடு செல்வதுமே பலரை அங்கே கொண்டுவந்து விட்டன. அப்படிப்பட்ட பிள்ளையிடம் இரண்டு வாரம் அன்பாகப் பழகிவிட்டு ஓர் அந்நியர் போவதும், அடுத்த மாதம் இன்னொருவர் வந்து அதையே செய்வதும் பிள்ளையின் மனத்தில் என்ன விளைவிக்கும் என்பதை வகுப்பறையில் நான் நேரடியாகக் கண்டிருக்கிறேன். வந்தவர் எவராயினும் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கும் பிள்ளையைப் பார்த்து “எவ்வளவு பாசமான பிள்ளை” என்பார்கள். அது பாசத்தின் அறிகுறியன்று, உறவுகள் அறுந்து அறுந்து வந்ததன் அறிகுறி. தொண்டர் கட்டும் பணத்துக்காகப் பிள்ளைகளை இல்லத்தில் வைத்திருக்கும் கொடுமையும் உலகின் பல இடங்களில் நடந்திருக்கிறது. அவுஸ்திரேலியா 2018இல் நவீன அடிமைத்தனத்துக்கு எதிரான சட்டத்தை இயற்றிய காலத்தில் இந்த அநாதை இல்லக் கடத்தலையும் அதன் ஒரு வடிவமாக ஏற்றது. 2019 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையும் தன் சிறுவர் உரிமைத் தீர்மானத்தில் அநாதை இல்லங்களில் நடக்கும் தொண்டர் திட்டங்களின் தீங்குகளைத் தடுக்குமாறு நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஆகவே நான் திறக்கச் சொல்லும் வாசலுக்குக் காவலும் வேண்டும். வதிவிடச் சிறுவர் இல்லங்களில் குறுங்காலத் தொண்டர்களை அனுமதிக்கவே கூடாது என்பது என் திடமான கருத்து.

எல்லை கடந்த தொண்டு எங்கள் மண்ணுக்குப் புதிதில்லை. அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் பகுதியிலிருந்து வந்த இயேசு சபைக் குருமார் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியைத் தம் வாழ்நாளாக ஆக்கிக்கொண்டார்கள். 1948இல் வந்த அருட்தந்தை ஹரி மில்லர் எங்கள் மூன்று தலைமுறைக்கு ஆசிரியராக இருந்து, போர்க்காலத்தில் சமாதானக் குழுவில் காணாமற்போனோரின் தாய்மாருக்காக அலைந்தார். கூடைப்பந்தும் தொழிற்கல்வியும் கற்பித்த அருட்தந்தை யூஜின் ஹெபேர்ட், 1990 ஆகஸ்ட் 15ஆம் திகதி வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு வரும் வழியில், தம்முடன் வந்த உள்ளூர் இளைஞரோடு காணாமற்போனார். இவர்கள் துறவிகள், இன்றைய வரையறையில் தொண்டர்கள் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் வெளியிலிருந்து வருபவர் எப்படி எங்களில் ஒருவராகலாம் என்பதற்கு எங்கள் ஊர் இவர்களைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறது. 1996இல் கனடிய ஓவியக் கலைஞர் போல் ஹோகனும் உளவளத் துணையாளரான அருட்தந்தை போல் சற்குணநாயகமும் சேர்ந்து தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவை எண்ணிப் பாருங்கள். தமிழ், முஸ்லிம் கிராமங்களின் பிள்ளைகளை ஒரே பஸ்ஸில் ஏற்றிவந்து, மண்ணும் வர்ணமும் கதையும் கொண்டு அவர்களின் பயத்தைக் கரைத்த அந்த இடத்தில் பிள்ளைகளோடு நாள்தோறும் வேலை செய்தவர்கள் எங்கள் ஊர் இளைஞர்களே. வெளியிலிருந்து வந்தவர் ஒரு முறையைக் கொண்டுவந்தார், உள்ளூர்க் கைகள் அதைத் தம்முடையதாக்கின. நல்ல தொண்டுக்கு நான் காணும் இலக்கணம் இது.

ஆழிப்பேரலையின்போது நடந்ததை நீங்களும் அறிவீர்கள். நாட்டிலேயே மிகக் கூடுதலான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம். பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் முழுவதும் வீடுகள் அத்திவாரத்தோடு பெயர்ந்தன. எங்கள் பக்கத்தில் நாவலடி மணல்மேடாயிற்று. அந்த முதல் வாரங்களில் வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் சடலங்களைத் தூக்கினார்கள், கிணறுகளை இறைத்தார்கள், காயங்களுக்குக் கட்டுப்போட்டார்கள். அந்த நன்றியை எங்கள் தலைமுறை மறக்காது. ஆனால் யார் எந்தத் தகைமையோடு எங்கே வேலை செய்கிறார் என்ற பட்டியல் எங்குமே இருக்கவில்லை. ஒரு முகாமுக்கு நான்கு மருத்துவக் குழுக்கள் வந்தன; மூன்று மைல் தள்ளியிருந்த முகாமுக்கு ஒன்றும் வரவில்லை. பிள்ளைகளின் துயரத்தை மொழிபெயர்ப்பாளர் மூலம் ஒரே நாளில் கேட்டு எழுதிக்கொண்டு போனவர்களும் உண்டு. கேட்டுத் திறந்த காயத்தை மூட அவர்கள் மறுநாள் அங்கே இருக்கவில்லை. 1978 நவம்பர் சூறாவளியும் எங்கள் நினைவில் இருக்கிறது, 2025 நவம்பரில் டித்வா புயலும் வந்து போயிற்று. அடுத்ததும் வரும். உலக சுகாதார நிறுவனம் அவசர மருத்துவக் குழுக்களை முன்கூட்டியே தரப்படுத்தி வைத்திருப்பதுபோல, தமிழும் சிங்களமும் தெரிந்த புலம்பெயர்ந்த வைத்தியர்கள், தாதியர், பொறியியலாளர், உளவளத் துணையாளர் ஆகியோரின் தகைமைகளை அமைதியான காலத்திலேயே சரிபார்த்து, ஒரு பட்டியலாக வைத்திருக்க முடியாதா? இலங்கை மருத்துவப் பேரவையிடம் வெளிநாட்டு வைத்தியர்களைத் தற்காலிகமாகப் பதிவுசெய்யும் ஏற்பாடு இருக்கிறது. அனர்த்தம் நிகழ்ந்த பிறகு அல்லாமல் அதற்கு முன்பே விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதற்கு ஒரு நிருவாக முடிவு போதும்.

பிற நாடுகள் இதை எப்படிச் செய்திருக்கின்றன என்பதையும் பார்ப்பது பயன்தரும். முதலாம் உலகப் போருக்குப் பின், 1920இல் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த பியேர் செரெசோல் பிரான்சின் வேர்டன் போர்க்களத்துக்கு அருகே, நேற்றுவரை எதிரிகளாக இருந்த நாட்டவர்களை ஒன்றாகக் கூட்டி, இடிந்த கிராமம் ஒன்றைக் கட்டியெழுப்ப முயன்றார். அவரே 1934இல் பீகார் நிலநடுக்கத்துக்குப் பின் இந்தியா வந்து, வீடிழந்தோருக்காகக் கிராமங்கள் அமைத்தார். தனிமனித முயற்சியாகத் தொடங்கிய இதற்குப் பின்னாளில் அரசுகள் தோள் கொடுத்தன. ஜப்பான் 1965இல் தன் வெளிநாட்டுக் கூட்டுறவுத் தொண்டர் திட்டத்தைத் தொடங்கியது. இரண்டு ஆண்டுகள் பணி, புறப்படுமுன் பணியாற்றும் நாட்டின் மொழியில் தீவிர பயிற்சி என்பன அதன் அடிப்படை. அந்தத் தொண்டர்கள் இலங்கையிலும் பணியாற்றியிருக்கிறார்கள். தென்கொரியா 1990இல் தன் முதல் தொண்டர்களை அனுப்பிய நாடுகளுள் இலங்கையும் ஒன்று. அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பான ‘சமாதானப் படை’யினர் (Peace Corps) 1962இல் இங்கு முதன்முதலாக வந்தார்கள். ஐக்கிய நாடுகள் தொண்டர் திட்டம் 1970இல் பொதுச் சபைத் தீர்மானத்தால் உருவாயிற்று. ஆகவே அரசுக்கும் அரசுக்கும் இடையிலான ஒப்பந்தத்தின் கீழ் வருவோருக்கு வழி உண்டு. பெரிய நிறுவனங்களுக்கும் வழி உண்டு. கிரானிலோ திருக்கோவிலிலோ உள்ள ஒரு பாடசாலைக்கும், முப்பது பெற்றோர் நடத்தும் நிலையத்துக்கும்தான் வழி இல்லை.

ஐரோப்பிய ஒன்றியம் இந்த இடைவெளியைச் சட்டத்தாலேயே நிரப்பியது. ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து ஆய்வாளராக, மாணவராக, பயிலுநராக, தொண்டராக வருவோரின் நுழைவு நிபந்தனைகளை 2016இல் ஒரே பணிப்பாணையில் வகுத்தது; ஐரோப்பியத் தொண்டர் சேவையில் வருவோரை அதில் கட்டாயமாகவே சேர்த்தது. தொண்டர் என்பவர் பயணியுமல்லர், தொழிலாளியுமல்லர், அவர் தனி வகையினர் என்று அங்கே எழுத்தில் ஏற்கப்பட்டிருக்கிறது. ஏற்கும் அமைப்போடு எழுத்து உடன்படிக்கை இருக்க வேண்டும், அதில் பணியும் நேரமும் மேற்பார்வையும் குறிக்கப்பட வேண்டும், தங்குமிடத்துக்கும் உணவுக்கும் வழி இருக்க வேண்டும், காப்புறுதி இருக்க வேண்டும் என்பன அதன் சாரம். இவற்றில் எதுவும் இலங்கைக்கு இயலாததன்று. புதிய சட்டம் வேண்டும் என்றுகூட நான் கேட்கவில்லை. ஏற்கெனவே உள்ள வதிவிட விசாவின் ஒரு கிளையாக, மூன்று மாதம் முதல் ஓர் ஆண்டு வரையான தொண்டர் அனுமதி ஒன்றை அமைத்து, அதன் நிபந்தனைகளை மூன்று மொழிகளிலும் வெளியிட்டு, விண்ணப்பித்த நாளிலிருந்து எத்தனை நாளில் பதில் வரும் என்பதையும் எழுதிவிட்டால் போதும். ஏற்கும் அமைப்பு தேசிய மட்டத்தில் பதிவுபெற்றதாக இல்லாவிட்டால், மாவட்டச் செயலாளரின் உறுதிப்படுத்தலை அதற்கு ஈடாக ஏற்கலாம். எங்கள் சங்கத்தைப் பத்தரமுல்லையிலுள்ள குடிவரவுத் திணைக்களத்துக்குத் தெரியாது. எங்கள் பிரதேச செயலகத்துக்குத் தெரியும்.

பாதுகாப்பு பற்றிய கேள்வியை நான் தட்டிக்கழிக்கவில்லை. 2019 உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்த நகரத்திலிருந்து எழுதுகிறேன். வெளியிலிருந்து வரும் பணத்தையும் ஆட்களையும் அரசு கவனிப்பது அதன் கடமை. 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் நோக்கமும் அதுதான். ஆனால் யார் வந்தார், எங்கே தங்கினார், யாருடைய பொறுப்பில் வேலை செய்தார் என்று பதிந்து வைப்பதே கவனிப்பு. இன்றைய நிலையில் பெரும்பாலான குறுங்காலத் தொண்டர்கள் சுற்றுலாப் பயணிகளாகவே வந்து போவதால் அந்தப் பதிவு எங்கும் இல்லை. மதமாற்ற அச்சமும் எங்கள் பகுதியில் உண்டு, ஆழிப்பேரலைக்குப் பின் அது சில ஊர்களில் மனக்கசப்பையும் விளைவித்தது. உதவிக்கு எந்த மத நிபந்தனையும் விதிக்கக்கூடாது என்பதை உடன்படிக்கையிலேயே எழுதிவிடலாம். தொண்டர்களை இடங்களுக்கு ஒதுக்கும்போது காத்தான்குடிக்கும் ஏறாவூருக்கும், ஆரையம்பதிக்கும் வாகரைக்கும், உகணைக்கும் தமணைக்கும் சமமான பார்வை வேண்டும். கிழக்கில் இதை எழுத்தில் வைக்காவிட்டால் நல்ல காரியமும் சந்தேகத்துக்கு ஆளாகிவிடும்.

இனி எனக்கு எழுதச் சிரமமான பகுதிக்கு வருகிறேன். எங்கள் மாகாணத்தில் தொண்டர் என்ற சொல்லுக்கு ஒரு கசப்பான பொருள் உண்டு. போர்க்காலத்தில் ஆசிரியர்கள் வர மறுத்த, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைப் பாடசாலைகளில், ஷெல் விழுந்த நாட்களிலும் வகுப்பை நடத்தியவர்கள் தொண்டர் ஆசிரியர்கள். மாதம் ஒரு சிறு தொகையை ஊர்மக்கள் சேர்த்துக் கொடுத்தார்கள், சில மாதங்களில் அதுவும் இல்லை. நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கையில் பத்து, பதினைந்து ஆண்டுகள் காத்திருந்து, வயதெல்லை தாண்டிப் போனவர்களை எனக்குத் தெரியும். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் மட்டக்களப்பு காந்தி பூங்காவில் மாதக்கணக்கில் அமர்ந்திருந்ததையும் நாம் பார்த்தோம். அப்படிப்பட்ட இடத்தில் வெளிநாட்டிலிருந்து இலவசமாக வேலை செய்ய ஆட்களை அழைப்பது நியாயமா என்று எங்கள் பிள்ளைகள் கேட்டால், அந்தக் கேள்வி மதிக்கப்பட வேண்டியது. நான் சொல்லும் பதில் இதுதான்: உள்ளூரில் ஒருவரை நியமிக்கக்கூடிய இடத்துக்கு வெளிநாட்டுத் தொண்டர் வரக்கூடாது. அவர் வரும் ஒவ்வோர் இடத்திலும் அவரிடமிருந்து தொழிலைக் கற்றுக்கொள்ளும் உள்ளூர்க்காரர் ஒருவர், ஊதியத்தோடு, அவர் பக்கத்தில் இருக்க வேண்டும். அந்த ஊதியத்துக்கு மாகாண சபை நிதியிலிருந்து ஒரு சிறு ஒதுக்கீடு செய்யலாம். தொண்டரை ஏற்பதற்கு எங்களைப் போன்ற சிறிய நிலையங்களுக்கு ஆகும் செலவும் அதில் அடங்கட்டும். அறை, சாப்பாடு, மொழிபெயர்ப்பு, நோய் வந்தால் வைத்தியசாலைக்கு அலைதல் என்று இலவச உதவிக்கும் ஒரு விலை இருக்கிறது, அதை இதுவரை எங்கள் தாய்மார்தான் கொடுத்துவந்திருக்கிறார்கள்.

தொண்டு ஒருவழிப் பாதையாக இருப்பதும் என்னை வருத்துகிறது. கொடுப்பவர் எப்போதும் வெளியிலிருந்தும் பெறுபவர் எப்போதும் எங்கள் ஊரிலும் என்று ஏன் இருக்க வேண்டும்? ஜேர்மனி 2008இல் தன் இளைஞர்களைத் தெற்கு நாடுகளுக்கு அனுப்பும் திட்டமொன்றைத் தொடங்கியது. 2013இன் இறுதியிலிருந்து அதை மறுதிசையிலும் விரித்து, தெற்கு நாட்டு இளைஞர்களும் அங்கே வந்து முதியோர் இல்லங்களிலும் முன்பள்ளிகளிலும் தொண்டாற்ற வழி செய்தது. எங்கள் நிலையத்தில் உதவியாளராக இருந்த, கிழக்குப் பல்கலைக்கழகத்தில் படித்த இளைஞர் ஒருவருக்கு அப்படி ஒரு வாய்ப்பு வந்தது. மாற்றுத்திறனாளிகளோடு ஓர் ஆண்டு பணி. தங்குமிடமும் உணவும் கைச்செலவும் அங்கே. வீட்டில் எவரும் நம்பவில்லை. வெளிநாடு என்றால் கடன்பட்டு முகவருக்குப் பணம் கட்டி உழைக்கப் போகும் இடம் என்றுதான் எங்கள் ஊருக்குத் தெரியும். சம்பளமில்லாமல் போகிறான் என்றால் யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று அவனுடைய தகப்பன் பயந்ததில் பிழையில்லை. வேலைக்குப் போவோர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியவேண்டும். இவர் வேலைக்குப் போகவில்லை, படிக்கவும் போகவில்லை, ஆகவே எந்த வகையில் புறப்படுகிறார் என்று கேட்ட ஒவ்வோர் இடத்திலும் விளக்கிக்கொண்டே இருந்தார். கொழும்புக்கு ஆறு தடவை போய்வந்த செலவு அவருடைய குடும்பத்தின் மூன்று மாத வருமானம். இறுதியில் போனார். ஓர் ஆண்டில் ஜேர்மன் மொழியும், படுக்கையில் கிடக்கும் நோயாளியை நோகாமல் திருப்பும் வித்தையும், ஒரு பராமரிப்புப் பதிவேட்டை எப்படி எழுதுவது என்பதும் கற்றுத் திரும்பினார். எங்கள் நிலையத்தின் பதிவேடுகள் இன்று ஒழுங்காக இருப்பதற்கு அவரே காரணம். ஆனால் அரச வேலைக்கான நேர்முகப் பரீட்சையில் அந்த ஓர் ஆண்டுக்கு ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. ‘இடைப்பட்ட காலத்தில் வேலையின்றி இருந்தார்’ என்று அவருடைய கோவையில் எழுதப்பட்டது.

இதைச் சரிசெய்வது கடினமன்று. ஐரோப்பாவில் தொண்டரின் கற்றலை ஆவணப்படுத்தும் சான்றிதழ் முறை நடைமுறையில் இருக்கிறது. எங்களிடமும் தேசிய தொழிற்றகைமை முறையில் முன்கற்றலை மதிப்பிட்டு அங்கீகரிக்கும் ஏற்பாடு ஏற்கெனவே உண்டு. எல்லை கடந்த தொண்டில் பெற்ற திறனையும் அதன்கீழ் மதிப்பிடலாம். பல்கலைக்கழகங்கள், குறிப்பாக வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ளவை, மாணவர் ஒருவர் ஓர் ஆண்டு தொண்டுக்குப் போனால் பதிவை இழக்காமல் திரும்ப இடம் வைத்திருக்கலாம். தொண்டுக்குப் புறப்படுவோருக்கென்று ஓர் அரச உறுதிப்படுத்தல் கடிதம் இருந்தால், தூதரகத்திலும் விமான நிலையத்திலும் அவர்கள் கூனிக் குறுகி நிற்க வேண்டியிராது. போலி முகவர்கள் இந்த வழியைப் பிடித்துக்கொள்ளாமலிருக்க, எந்தத் தொண்டர் திட்டத்துக்கும் இளைஞரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்ற தடையும் உடனே வேண்டும். பெண்பிள்ளைகளை அனுப்புவதற்கு எங்கள் பெற்றோர் தயங்குவார்கள். ஏற்கும் அமைப்பை அரசு பார்த்து உறுதிசெய்திருக்கிறது என்று தெரிந்தால் அந்தத் தயக்கத்தில் பாதி குறையும்.

ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2026ஆம் ஆண்டை நிலைபேறான அபிவிருத்திக்கான சர்வதேச தொண்டர் ஆண்டாக அறிவித்திருக்கிறது. டிசம்பர் 5ஆம் திகதி தொண்டர் தினத்துக்கு வழக்கம்போல மேடையும் மாலையும் சான்றிதழும் இருக்கும். நானும் பலமுறை அவற்றைப் பெற்றிருக்கிறேன். இந்த முறை அந்த நாளில் ஒரு விண்ணப்பப் படிவத்தை வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். முதலில் எங்கள் இரண்டு மாவட்டங்களில் மட்டும், ஓர் ஆண்டுக்கு, ஐம்பது பேர் வரவும் இருபது பேர் போகவும் என்ற அளவில் பரீட்சார்த்தமாகத் தொடங்கினாலும் போதும். பேச்சுச் சிகிச்சை, இயன்மருத்துவம், சைகை மொழி, செயற்கை அவயவம், உளவளத்துணை ஆகிய, ஆட்கள் இல்லவே இல்லாத துறைகளுக்கு முன்னுரிமை கொடுங்கள். அதை நடத்தும் குழுவில் மாவட்டச் செயலகம், சுகாதாரத் துறை, வலயக் கல்வி அலுவலகம், சிறுவர் நன்னடத்தைத் திணைக்களம் ஆகியவற்றோடு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் தாய்மார் இருவரும் இருக்கட்டும். யார் வந்ததால் பிள்ளைக்கு நன்மை உண்டாயிற்று என்பதை அவர்கள்தான் முதலில் அறிவார்கள்.

களுவாஞ்சிகுடியில் பதினொரு வாரம் தங்கிச் சென்ற அந்தப் பேச்சுச் சிகிச்சையாளர் சென்ற மாதம் மீண்டும் எழுதியிருந்தார். அடுத்த ஆண்டு ஜனவரி முதல் ஜூன் வரை தமக்கு விடுமுறை கிடைக்கும் என்றும், அப்போது பார்த்த, வெல்லாவெளியிலிருந்து வரும் அந்தப் பிள்ளை இப்போது பேசுகிறதா என்றும் கேட்டிருந்தார். பிள்ளைக்கு இப்போது ஏழு வயது. மூன்று சொற்கள் சொல்கிறது. எந்தப் படிவத்தை நிரப்பி எங்கே அனுப்ப வேண்டும் என்பது கடிதத்தின் கடைசிக் கேள்வி. அதற்குரிய பதிலை உங்களிடமிருந்து எதிர்பார்த்து, அவருடைய கடிதத்தைப் பதிலெழுதாமல் வைத்திருக்கிறேன்.

இங்ஙனம்,
உண்மையுள்ள,
விசேட கல்வி ஆசிரியை (ஓய்வு),
கல்லடி, மட்டக்களப்பு.